கொடைக்கானல் வாடகைக் குடியிருப்புகளின் மின்கட்டணமும் தொலைக்காட்சிக் கட்டணமும்

கொடைக்கானல் வாடகைக் குடியிருப்புகளின் மின்கட்டணமும் தொலைக்காட்சிக் கட்டணமும் என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில் அமைந்துள்ள கொடைக்கானலில் வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு வாடகைக்கு மேல் செலுத்தும் மாதாந்தரச் செலவுகளைப் பற்றியும், அவை குறையும் வழிகளைப் பற்றியும் கூறுகின்றது. கட்டண விதிகள் தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவானவை. எனினும் மலையின் குளிர், உயரம், சுற்றுலாத் தொழில் ஆகியவை காரணமாகச் செலவின் அமைப்பு சமவெளி நகரங்களில் இருந்து வேறுபடுகின்றது.

வாடகைதாரரின் மின்செலவைத் தீர்மானிப்பதில் அவர் எத்தனை விளக்குகளை அணைக்கிறார் என்பதைவிட, அவருடைய குடியிருப்புக்குத் தனி மின் இணைப்பு உள்ளதா என்பதே பெரிய காரணியாகும். சிக்கனம் பற்றிய அறிவுரைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றது.

பின்னணி

கொடைக்கானல் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1845 ஆம் ஆண்டில் அமெரிக்க மறைப்பணியாளர்களால் கோடை வாழிடமாகத் தொடங்கப்பட்ட இவ்வூர் இன்று ஒரு நகராட்சி ஆகும். கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி (1901), அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் (1984), சூரிய ஆய்வுக்கூடம், அரசு அலுவலகங்கள் போன்றவற்றில் பணிபுரிவோர், மாணவர், தங்கும் விடுதிப் பணியாளர், வணிகர் எனப் பலதரப்பட்டோர் இங்கு வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களாக்கிய 'போர்ஷன்' வீடுகளும் உண்டு. சரிவில் கட்டப்பட்ட வீடுகளில் மேல் தளம் ஒரு தெருவிலும் கீழ்த் தளம் மற்றொரு தெருவிலும் வாசல் கொண்டிருப்பதும் வழக்கமே.

மின்கட்டண அமைப்பு

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று அமைக்கப்பட்டது. அது 2010 இல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், மின் தொடரமைப்புக் கழகம் எனப் பிரிந்தது. 2024 இல் பகிர்மானம் தனி நிறுவனத்துக்கு மாறியது. மக்கள் இன்றும் இதை 'ஈ.பி.' என்றே அழைக்கின்றனர். கட்டண வீதங்களைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவிக்கின்றது.

வீட்டு இணைப்புகளில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகின்றது. 2016 மே மாதம் முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரு மாதங்களுக்கு 100 அலகு (யூனிட்) மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த வீதப்படி, 101 முதல் 200 வரை அலகு ஒன்றுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய் என நுகர்வோர் செலுத்தினர். வீட்டு இணைப்புகளுக்கு இருந்த நிலைக்கட்டணம் அப்போது நீக்கப்பட்டது. 2024 ஜூலையில் வீதங்கள் 4.83 விழுக்காடு உயர்த்தப்பட்டன. கீழேயுள்ள கணக்குகள் 2022 இன் வீதத்தைக் கொண்டவை. தொகைகள் பின்னர் மாறியுள்ளன. ஆனால் கணக்கின் போக்கைக் காட்ட அவை போதுமானவை.

இவ்வமைப்பில் கவனிக்கவேண்டிய இடம் 500 அலகு ஆகும். நுகர்வு 500 ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரையிலான அனைத்து அலகுகளுக்கும் 4.50 ரூபாய் கணக்கிடப்பட்டது, அதாவது 2.25 ரூபாய்ப் படி மறைந்துவிடும். 500 க்கு மேற்பட்ட அலகுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக 11 ரூபாய் வரை வீதம் ஏறியது. எனவே சரியாக 500 அலகு பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாயும், 501 அலகு பயன்படுத்திய வீட்டுக்கு 1,958 ரூபாயும் வந்தது. அந்த ஓர் அலகின் விலை 233 ரூபாய் ஆகும். கணக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்னதாக மின்மானியைத் (மீட்டர்) தாமே பார்த்து, முந்தைய குறிப்புடன் கழித்துப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரே இணைப்பில் பல குடித்தனங்கள்

ஒரு வீட்டில் நான்கு குடித்தனங்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் இரு மாதங்களுக்கு 150 அலகு பயன்படுத்துகின்றது என்றும் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு இருப்பின் 100 அலகு இலவசம் போக, 50 அலகுக்கு 112.50 ரூபாய் வீதம், நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து 450 ரூபாய் ஆகும். நான்கும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்த நுகர்வு 600 அலகு. இலவச 100 அலகு ஒருமுறை மட்டுமே கிடைக்கும். எஞ்சியவை உயர்ந்த படிகளில் விழும். கட்டணம் 2,750 ரூபாய் ஆகின்றது. யாரும் ஒரு விளக்கைக்கூட மிகையாக எரிக்கவில்லை. எனினும் செலவு ஆறு மடங்காகின்றது.

இத்தகைய வீடுகளில் உரிமையாளர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் 'சப் மீட்டர்' பொருத்தி, அலகு ஒன்றுக்கு ஒரே விலை வைத்துப் பணம் பெறுவது பரவலான வழக்கம். 8 ரூபாய் என்று வைத்தால் மேற்கூறிய நால்வரிடமும் 4,800 ரூபாய் பெறப்படும். மின் வாரியத்துக்குச் செல்வது 2,750 ரூபாய். இந்த இடைவெளியில் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் செலவும் அடங்கும் என்று உரிமையாளர்கள் கூறுவதுண்டு. அது உண்மையாயின் அச்செலவுக்குத் தனிக் கணக்குக் காட்டுவதே முறையாகும். உரிமம் இன்றி மின்சாரம் வழங்கும் வணிகத்தை மின்சாரச் சட்டம், 2003 அனுமதிப்பதில்லை.

தனி இணைப்பு கிடைக்காத இடத்தில் நியாயமான பங்கீட்டு முறை எளிமையானது. மொத்தக் கட்டணத்தை மொத்த அலகால் வகுத்து, கிடைக்கும் தொகையை அவரவர் சப் மீட்டர் காட்டும் அலகால் பெருக்குவதாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது அலகுக்கு ஏறத்தாழ 4.58 ரூபாய் ஆகும். மின் வாரியத்தின் கணக்கீட்டு விவரத்தை இணைப்பு எண்ணைக் கொண்டு இணையத்தில் பார்க்க இயலும் என்பதால், வாடகைதாரர் அந்த எண்ணைக் குடிபுகும்போதே குறித்துக்கொள்வது பயனுடையது.

சுற்றுலா நகரமான கொடைக்கானலில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரு கட்டடம் விடுதியாக நடத்தப்பட்டு அதன் இணைப்பு வணிக வகையில் இருந்தால், அதன் ஒரு பகுதியில் நிலையாகக் குடியிருப்பவருக்கு இலவச 100 அலகு கிடைக்காது. அட்டையில் குறிக்கப்பட்டுள்ள கட்டண வகையைக் குடிபுகும் முன் பார்ப்பது நன்று.

தனி இணைப்புப் பெறுதல்

ஒரு கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பும் பிறவற்றில் இருந்து தனியாகப் பிரிக்கப்பட்டும், அதன் கம்பியிணைப்பு தனித்தும் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்கு இரு இணைப்புகள் வைத்து இலவச அலகுகளை இரட்டிப்பாக்கிக்கொள்வது வேறு. அதற்கு விதிகள் இடம் தருவதில்லை.

வாடகைதாரர் தம் பெயரில் இணைப்புக் கோரினால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் தேவை. உரிமையாளர் ஒப்புதல் தர மறுத்தாலோ ஊரில் இல்லாவிட்டாலோ, சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றையும், இணைப்பால் எழும் தகராறுகளுக்குத் தாமே பொறுப்பேற்கும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் அளித்து, வழக்கமான வைப்புத்தொகையைப் போல் இருமடங்கு செலுத்தி இணைப்புப் பெறத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு வழிவகுக்கின்றது. நடைமுறையில் உரிமையாளருடன் பகைத்துக்கொண்டு இவ்வழியில் செல்வோர் அரிதாகவே இருப்பர். உரிமையாளர் பெயரிலேயே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு எடுக்கச் செய்து, கட்டணத்தை வாடகைதாரரே நேரடியாகச் செலுத்துவது இரு தரப்புக்கும் ஏற்ற வழியாகக் காணப்படுகின்றது. உரிமையாளருக்கு மாதந்தோறும் கணக்குப் பார்த்து வசூலிக்கும் தொல்லை நீங்குவதால், குடிபுகும் முன்னரே பேசினால் பலர் இதற்கு இணங்குவர்.

2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணுடன் ஆதார் எண்ணை இணைக்கும் பணி தொடங்கியபோது, வாடகை வீட்டு இணைப்பில் யாருடைய எண்ணை இணைப்பது என்ற குழப்பம் எழுந்தது. உரிமையாளரோ வாடகைதாரரோ இணைக்கலாம் என இணையப் படிவத்தில் தெரிவுகள் தரப்பட்டன. ஒருவர் பெயரில் பல இணைப்புகள் இருப்பினும் ஒவ்வொன்றுக்கும் 100 அலகு சலுகை தொடரும் என அரசு அறிவித்தது.

பொதுப் பயன்பாட்டு மின்சாரம்

அடுக்குமாடிக் கட்டடங்களில் நீரேற்றும் மோட்டார், மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு 2022 இல் அலகுக்கு 8 ரூபாய் என்ற தனி வீதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததை அடுத்து, 2023 அக்டோபரில் பத்து அல்லது அதற்குக் குறைந்த வீடுகளும் மூன்று அல்லது அதற்குக் குறைந்த தளங்களும் கொண்ட, மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளுக்கு இவ்வீதம் 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மலைப்பகுதியின் சிறு குடியிருப்புகள் பல இந்த வரையறைக்குள் அடங்கக்கூடியவை. பராமரிப்புத் தொகை 2022 இல் உயர்த்தப்பட்டுப் பின் குறைக்கப்படாமல் இருந்தால், வாடகைதாரர் அதைக் கேட்டறிய உரிமை உடையவர்.

குளிரும் மின்நுகர்வும்

சென்னை, மதுரை போன்ற இடங்களில் மின்விசிறியும் குளிரூட்டியும் மின்நுகர்வின் பெரும்பகுதியைக் கொள்கின்றன. 75 வாட் மின்விசிறி ஒன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் இரு மாதங்களில் 54 அலகு ஆகும். கொடைக்கானலில் கோடையின் பகல் வெப்பமே 20 பாகை செல்சியசை ஒட்டி இருப்பதால் மின்விசிறிக்குத் தேவை இல்லை. அந்த இடத்தை இங்கு வெந்நீர் பிடித்துக்கொள்கின்றது.

15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீரை 15 பாகையில் இருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.44 அலகு மின்சாரம் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்று குளித்தால் இரு மாதங்களில் இது 105 அலகு ஆகின்றது. அதாவது அரசு தரும் இலவச மின்சாரம் முழுவதும் குளியலறையிலேயே முடிந்துவிடுகின்றது.

'கீசர்' எனப்படும் கொதிகலனைவிட வாளியில் இடும் 'ஹீட்டர் ராடு' குறைந்த மின்சாரம் எடுக்கும் என்ற நம்பிக்கை உண்டு. இரண்டுமே மின்சாரத்தை ஏறக்குறைய முழுதாக வெப்பமாக்குபவை. ஒரே அளவு நீரை ஒரே சூட்டுக்குக் கொண்டுவர இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரமே வேண்டும். கீசரில் மிகுதியாவது தொட்டியில் தேங்கி நின்று ஆறிப்போகும் நீர் ஆகும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடித்தவுடன் அணைத்தால் வேறுபாடு பெரிதும் குறையும். ஒருவர் பின் ஒருவராக அடுத்தடுத்துக் குளிப்பதும் இவ்விழப்பைக் குறைக்கும். ராடில் மின்னதிர்ச்சி ஆபத்து இருப்பதையும் கருத வேண்டும்.

அறை சூடேற்றி இன்னும் செலவு மிக்கது. 2,000 வாட் சூடேற்றி ஒன்றை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இட்டால் இரு மாதங்களில் 360 அலகு. வெந்நீரும் இதுவும் சேர்ந்தாலே 465 அலகு ஆகிவிடுவதால், குளிர்காலத்தில் 500 ஐத் தாண்டும் வீடுகளில் முதலில் பார்க்கவேண்டிய கருவி இதுவேயாகும். கதவிடுக்குகளையும் சன்னல் இடைவெளிகளையும் அடைத்தல், கம்பளி, வெந்நீர்ப் பை ஆகியன பழைய வழிகள். வாடகைதாரர் கட்டடத்தில் மாற்றம் செய்ய இயலாதவர் என்பதால் அவருக்கு ஏற்ற வழிகளும் இவையே. சூரிய வெந்நீர்க் கருவி கூரை உடையவரின் முதலீடாக மட்டுமே அமைய முடியும்.

விறகு அடுப்பில் வெந்நீர் வைப்பது மலையில் நெடுநாளைய வழக்கம். சீகை மரமும் தைலமரமும் விறகாகப் பயன்பட்டுவந்துள்ளன. பழனி மலையின் பெரும்பகுதி 2013 இல் கொடைக்கானல் காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டதால், காட்டில் சென்று விறகு எடுப்பதைச் செலவு குறைக்கும் வழியாகக் கொள்ள இயலாது.

சமையலில் உயரத்தின் விளைவு தெளிவாகத் தெரியும். இவ்வுயரத்தில் நீர் 100 பாகையில் அல்லாமல் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் வேக அதிக நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினாலும் நீரின் சூடு ஏறாது, ஆவியே மிகும். அழுத்தச் சமையற்கலன் (குக்கர்) சமவெளியில் வசதி என்றால், மலையில் எரிவளி உருளையின் ஆயுளை நீட்டிக்கும் தேவை ஆகும். எரிவளியைச் சேமிக்க மின்தூண்டல் அடுப்புக்கு மாறுவோர் அது தம்மை எந்த மின்கட்டணப் படிக்குக் கொண்டுசெல்லும் என்று முன்னதாகக் கணக்கிடவேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை சொல்லவேண்டியது குறைவே. 60 வாட் குண்டு விளக்குகள் ஐந்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரு மாதங்களில் 90 அலகு. 9 வாட் எல்.இ.டி. விளக்குகளாயின் 13.5 அலகு. விளக்குகளைக் கழற்றிக்கொண்டே அடுத்த வீட்டுக்குச் செல்லலாம் என்பதால், வாடகைதாரர் தயக்கமின்றிச் செய்யக்கூடிய முதலீடு இது.

தொலைக்காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பின்னர் கொடைக்கானலில் தூர்தர்சனின் உயர்திறன் ஒளிபரப்பி நிறுவப்பட்டு, அதன் வழியே தென் மாவட்டங்கள் பலவற்றுக்குத் தரைவழி ஒளிபரப்புச் சென்றது. 2,100 மீட்டர் உயரத்தில் இருந்து நோக்கினால் தடையற்ற சமதளத்தில் அடிவானம் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் அமையும் என்பதே இம்மலை தேர்ந்தெடுக்கப்பட்டதன் பொருத்தம். கூரையில் ஒரு வானலை வாங்கி (ஆன்டெனா) இருந்தால் மாதக் கட்டணம் எதுவும் இல்லை. முகடுகளுக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் அமைந்த மலையூர்களுக்கு நேர்கோட்டில் செல்லும் இவ்வலை எளிதில் எட்டாது என்பதால், மலையின் பயன் மலைக்காரர் எல்லோருக்கும் கிடைத்தது எனக் கூற இயலாது. நாடு முழுவதும் ஒப்புமைத் தரைவழி ஒளிபரப்பிகள் 2022 வாக்கில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன.

தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியைத் தந்தது. அலைவரிசைக்கான மாதக் கட்டணம் வீட்டாரிடமே இருந்தது. 2007 இல் பதிவு செய்யப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. எண்ணிம முறைக்கு மாறியபின் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு 'செட் டாப் பாக்ஸ்' தேவைப்பட்டது.

2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதிகள், பார்க்கும் அலைவரிசைக்கு மட்டும் பணம் செலுத்தலாம் என்ற அடிப்படையைக் கொண்டவை. வலையமைப்புக் கட்டணம் 100 அலைவரிசைகளுக்கு 130 ரூபாயும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து 153.40 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. 2020 இல் இதே தொகைக்கு 200 அலைவரிசைகள் என மாற்றப்பட்டது. ஒரே வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்கு இக்கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் பெறக்கூடாது எனவும் கூறப்பட்டது. 2024 ஜூலையில் வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு நீக்கப்பட்டு, அதை நிறுவனங்களே நிர்ணயிக்க விடப்பட்டது. கட்டண அலைவரிசைகளைத் தொகுப்பாக வாங்குவதா தனித்தனியாக வாங்குவதா என்பதற்கு ஒரே விடை இல்லை. இரண்டு மூன்று அலைவரிசைகளை மட்டும் பார்க்கும் வீட்டுக்குத் தனித்தெரிவு மலிவு. ஒரே குழுமத்தின் பல அலைவரிசைகளைப் பார்க்கும் வீட்டுக்குத் தொகுப்பே மலிவு. எவரும் பார்க்காத மொழிகளின் கட்டண அலைவரிசைகள் தொகுப்பில் இருப்பது பெரும்பாலும் கேட்காமலே சேர்க்கப்பட்டதால் ஆகும்.

மாதக் கட்டணமே இல்லாத வழி தூர்தர்சனின் நேரடிச் செயற்கைக்கோள் சேவை ஆகும். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' எனத் தொடங்கிய இது பின்னர் 'டிடி ஃபிரீ டிஷ்' எனப் பெயர் மாறியது. கிண்ண அலைவாங்கிக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவிட்டால் போதும். 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' எனப் பெயர் மாறிய பொதிகை இதில் கிடைக்கின்றது. முன்னணித் தனியார் தமிழ்ப் பொழுதுபோக்கு அலைவரிசைகள் கிடைப்பதில்லை. இந்தி பேசும் மாநிலங்களில் பெரும் வரவேற்புப் பெற்ற இச்சேவை தமிழ்நாட்டில் அவ்வாறு பரவாமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், ஏறத்தாழ வட அகலாங்கு 10 பாகையில் இருப்பதால் கிண்ணம் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நோக்க வேண்டும். ஃபிரீ டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் (கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகை) இங்கிருந்து கிழக்கு-தென்கிழக்கில் 65 பாகைக்கும் மேலான ஏற்றத்தில் தெரிகின்றது. ஆகவே எதிரே உள்ள மலைச்சரிவு மறைப்பது அரிது. வீட்டை ஒட்டிய உயரமான மரங்களே தடையாகும். கனமழையின்போது சைகை தளர்ந்து படம் உறைவது இவ்வகைச் சேவைகள் அனைத்துக்கும் பொது. மரங்களின் ஊடே செல்லும் கேபிள் கம்பிகள் பருவமழைக் காற்றில் அறுபடுவதும் உண்டு. கிண்ணத்தைக் கூரையில் பொருத்த உரிமையாளரின் இசைவு வேண்டும். வீடு மாறும்போது அதைக் கழற்றிச் செல்லும் உரிமையை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்வது பின்னாளைய வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

தொலைக்காட்சியை அணைத்தாலும் செட் டாப் பாக்ஸ் தொடர்ந்து மின்சாரம் எடுக்கின்றது. 10 வாட் எடுக்கும் பெட்டி ஒன்று இரு மாதங்களில் 14.4 அலகு கொள்ளும். சுவரில் உள்ள பொத்தானை அணைப்பதே தீர்வு. பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஆசிரியர் குடும்பங்கள் அக்காலத்துக்கு இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோரலாம். விதிகளில் இதற்கு இடமுண்டு.

செலவே இல்லாத ஒலிபரப்பாகக் கொடைக்கானலில் எஞ்சியிருப்பது அகில இந்திய வானொலியின் 100.5 மெகாஎர்ட்சு பண்பலை ஆகும். சமவெளி மாவட்டங்களிலும் பரவலாகக் கேட்கப்படும் இந்நிலையத்துக்குக் கையடக்க வானொலி ஒன்று போதும்.

வாடகைச் சட்டமும் இன்றியமையாச் சேவைகளும்

1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழ்நாடு நிலவுடைமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதுடன், தகராறு ஏற்பட்டாலும் மின்சாரம், நீர் போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்றும் இச்சட்டம் கூறுகின்றது. மீறினால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். சப் மீட்டரில் குடியிருப்பவருக்கு இது முதன்மையானது. அவருடைய வீட்டின் மின்னோட்டம் உரிமையாளரின் கைக்கு எட்டும் ஒரு பொத்தானில் இருப்பதே அதற்குக் காரணம்.

ஒப்பந்தத்தில் மின் இணைப்பு எண், குடிபுகும் நாளின் மின்மானி அளவு, அலகு விலை அல்லது பங்கீட்டு முறை, பொது மோட்டார்ச் செலவு, ஏப்ரல்-மே சுற்றுலாப் பருவத்தில் நீர்த் தட்டுப்பாடு நேரும்போது லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பன எழுதப்படுதல் நன்று. முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற மின்கட்டண நிலுவை அந்த இணைப்பின் மீதே நிற்கும். அது செலுத்தப்படாவிட்டால் புதிதாக வந்தவர் வீட்டில்தான் மின்சாரம் துண்டிக்கப்படும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே நிலுவை இல்லை என்பதை இணைப்பு எண்ணைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.